மேலே போக ஒரு வண்டி

மார்ச் கடைசி. கடைவாசலில் இன்னும் அழுக்குப் பனி.
வெர்னா ஸ்டால்நேக்கர் ஒரு பாகைமானியோடு வந்தாள்.
நடுவில் நூல், நூல் நுனியில்
மீன் தூண்டிலின் ஈயக்குண்டு.
முப்பத்தொரு வருஷம்
இந்த மேற்கு வர்ஜீனிய மலைப்பாதையில்
பள்ளிப் பேருந்து ஓட்டியவள்.

"அடிச்சரிவு பதினாலு டிகிரி,"
காய்ச்சலைச் சொல்வதுபோல் சொன்னாள்.
"உச்சியில் இருபத்தாறு.
எங்கள் ஆட்கள் அங்கேதான் படுத்திருக்கிறார்கள்.
பதினான்கு கல்.
மே கடைசியில் சொந்தமெல்லாம் பூ வைக்க வரும்,
அதற்குள் புல் வெட்டணும்.
மேலே போக வண்டி வேண்டும்.
மேலேயே போய்ச்சேர அல்ல."

நான் ட்ராக்டர் விற்கிறவன்.
பெரியதை நோக்கித்தான் கால் முதலில் நடக்கும்.
முப்பத்தெட்டு குதிரைத்திறன், சிவப்பு,
முன்னால் மண்ணள்ளும் வாளி.
ஏறி உட்கார்ந்தாள். எட்டிக் கீழே பார்த்தாள்.
"இவ்வளவு உயரத்தில் என்னடா வேலை?
மேகத்தையா வெட்டப்போகிறேன்?"

சரிதான்.
ஏறும்போது குதிரைகள் உதவும்,
இறங்கும்போது எடைதான் ஓட்டுநர்.
ஈரப்புல்லில் அது யார் பேச்சையும் கேட்காது.

சின்னதைக் காட்டினேன். குட்டை, நல்லது.
ஆனால் இடுப்பு ஒடுங்கல்.
அவளிடம் இருக்கும் ஐந்தடி வெட்டியைப் பின்னால் மாட்டினால்
குருவி தலையில் பனங்காய்.

பிறகு இருபத்தாறு குதிரை.
பின்சக்கரங்களை வெளிப்பக்கமாகத் திருப்பி மாட்டலாம்,
பக்கத்துக்கு நாலு அங்குலம் அகலும்.
டயருக்குள் பீட்ரூட் சாறு ஊற்றுவோம்.
கனம் கீழே தங்கும், குளிரில் உறையாது.
முதல்முறை சிரித்தாள்.
"ஏழாவது கல்லில் என் மாமியார்.
பீட்ரூட் ஊறுகாய்க்குப் பரிசு வாங்கினவள்.
சந்தோஷப்படுவாள்."

வாளியைக் கழற்றிவிடு, என்றேன்.
தலைக்குப் பின்னால் நிற்கிற வளைகம்பியை மடக்காதே,
பெல்ட் போடு.
நாலு சக்கரமும் பூட்டியிருக்கட்டும்,
பின்சக்கரம் தூக்கிவிட்டால்
பிரேக் வெறும் மிதிபலகை.
குறுக்கே ஓட்டவே ஓட்டாதே.
ரிவர்ஸில் ஏறு, நேரே இறங்கு.

ஒன்று மட்டும் உன் பாகைமானிக்குத் தெரியாது:
கிரவுண்ட்ஹாக் வளை.
கீழ்ச்சக்கரம் அதில் இறங்கி
மேல்சக்கரம் ஒரு கல்லில் ஏறினால்
பதினாலு எங்கே, நீ எங்கே.

பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தாள்.
மலை. பென்சிலில் பதின்மூன்று வட்டம்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்.
பேருந்தில் அவளைப் படுத்தியெடுத்த பிள்ளைகள்.
வாட்டர் டேங்குக்குப் பக்கத்தில், மற்றதைவிடப் பெரியதாக:
கர்ட்டிஸ்.

"அது ஆழம்," என்றாள் என்னைப் பார்க்காமல்.
"போன வாரம்தான் மண் போட்டு மூடினேன்."

காதுவரை எனக்குச் சூடு ஏறியது.
கடைசி இருக்கை. எரியும் பட்டாசு. எனக்கு வயது பதினொன்று.

உச்சிக்கு வந்தோம்.
இருபத்தாறு டிகிரிக்கு என்னிடம் வண்டி கிடையாது, என்றேன்.
இருக்கிறது என்று எவனாவது சொன்னால்
அவன் கடையிலிருந்து ஓடிவந்துவிடு.
கொஞ்சநேரம் தாளையே பார்த்தாள்.
பென்சிலை வாங்கி
மலையின் கழுத்தில் ஒரு கோடு போட்டாள்.
"இதற்கு மேல் சித்தப்பா பிள்ளைகள்.
ஒருநாள் முன்னாடியே வரட்டும்,
கைமெஷினோடு.
பூ வைக்க மட்டும் கை நீளுமா?"

விலையில் நூற்றைம்பது டாலர் குறைத்தேன்.
அவள் கேட்கவில்லை.

மே இருபதாம் தேதி வாக்கில்
அந்த வழியாக டயர் கொண்டுபோனேன்.
சாலையோரம் நிறுத்திப் பார்த்தேன்.
வளைகம்பியில் ஒரு பழைய பேருந்துக் கண்ணாடி,
அகலமானது, என் முகத்தை எத்தனையோ காலை
பிடித்துக்கொடுத்த அதே ரகம்.
முகம் என் பக்கம், முதுகு மலைப்பக்கம்,
ரிவர்ஸில் ஏறிக்கொண்டிருந்தாள்,
மெதுவாக, கண்ணாடியையே பார்த்தபடி.
அதற்குள் கற்கள் ஒவ்வொன்றாகப்
பெரிதாகிக்கொண்டிருக்க வேண்டும்.

கோடு வந்தது.
நின்றாள்.
கியரை மாற்றினாள்.