முதலில் வரிசை

படகுகள் அரிதாகிப்போன பிப்ரவரியில்
ஃக்ரோனிங்கன் கால்வாயின் மதகறையில் உட்கார்ந்து
நான்காவது பூங்காவைத் தொடங்குகிறேன்.
மூன்றாவது இன்னும் முடியவில்லை;
அதன் மர ரோலர்கோஸ்டர்
இரண்டாம் வளைவோடு அந்தரத்தில் நிற்கிறது,
போன நவம்பரிலிருந்து.

உடன் வேலைபார்க்கும் ஹிஸ்கா கேட்கிறாள்:
"இல்லாத பூங்காவுக்கு எதற்கு இத்தனை கழிப்பறை?"
நாளொன்றுக்குப் பதினோராயிரம் பேர்,
பாதி குழந்தைகள் என்கிறேன்.
விரல்விட்டு எண்ணிப் பார்த்து
"அப்படியானால் போதாது" என்கிறாள்.

இந்த முறை முதலில் வரிசையைத்தான் வரைவேன்.
நீர் ஏறும்வரை
இங்கே யாரும் எங்கும் போக முடியாது.
பார்க்க ஏதாவது இருந்தால்
திட்டுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வார்கள்.
ஆகவே நாற்பது நிமிடத்துக்கு
வளைந்து வளைந்து ஒரு பாதை, இருபுறமும் நாணல்,
எட்டிப் பார்ப்பவருக்கு மட்டும் தெரியும்
ஒரு மர நீர்நாய்.

ஐந்தாவதில் மலை.
இந்தப் பக்கம் மேடு என்றால் கடலணைதான், அதனால்.
ஆறாவது முழுக்கத் தரைக்கடியில்.
ஏழாவதுக்குப் பெயர் மட்டும் இருக்கிறது,
சொல்ல மாட்டேன்.

எனக்கு உயரம் ஆகாது.
எல்லாப் பூங்காவிலும் இறங்கும் வாசலருகே
ஒரு பெஞ்சு போட்டுவிடுவேன்,
மேலே போனவர்களின் கோட்டுகளை
மடியில் வைத்துக்கொண்டிருப்பவருக்கு.
ஹிஸ்கா பென்சிலைப் பிடுங்கி
அதைத் தெற்கே திருப்பினாள்.
"வெயிலாவது படட்டும்."

வானொலி கரகரக்கிறது. ஒரு மணல் படகு.
எவ்வளவு நேரமாகும் என்கிறான்.
பன்னிரண்டு நிமிடம் என்கிறேன்.
ஜன்னல் வழியே பார்க்கிறேன்:
ஈரச் சுவர், இரும்பு ஏணி.
அவன் எட்டிப் பார்க்க
எதுவுமே வைக்கவில்லையே நான்.