தூண் நாற்பத்தேழு

எங்கள் முகவரி இப்போது ஓர் எண்.
நாற்பத்தேழு என்றால் கெமுன்டோ சடை பின்னும் கடை.
நாற்பத்தெட்டு, பந்தாடிய திடலில் மிச்சம் நிற்கும் ஒற்றைக் கோல் கம்பம்.
சாவுச் செய்தியும் அப்படித்தான் வரும்:
"ஐம்பத்தொன்று, கிழக்குப் பக்கம், நாளை பத்து மணி."

நைரோபியில் மழை இரண்டு தடவை பெய்யும்.
முதலில் வானத்திலிருந்து.
அது ஓய்ந்து, துணியை வெளியே போட்டபிறகு
மேம்பாலக் குழாயிலிருந்து,
டீசல் வாடையோடு,
சுங்க ரசீதுகளோடு.
ஒருமுறை ஒரு குழந்தையின் இடதுகால் செருப்பு வந்தது.
வலதுக்காக மூன்று மழை பார்த்தாள் கெமுன்டோ.

ஆறு வருடம் மனு.
மனு வாங்கும் அலுவலகம் சாலைக்கு அந்தப் பக்கம்;
சுற்றிப் போக இரண்டு மட்டாட்டு வேன் மாற வேண்டும்.

ஏப்ரலில் ஒரு ராத்திரி
முட்டிசோ தன் மெத்தையைக் கிழித்துப்
பாதியைக் குழாய்க்குள் திணித்தான்.
மேலே தண்ணீர் தேங்கியது. கார்கள் நின்றன.
கணுக்கால் நனைய இறங்கி, சுவரில் சாய்ந்து
முதல்முறையாகக் கீழே பார்த்தார்கள்.
நாங்களும் பார்த்தோம்.
யாரும் கையசைக்கவில்லை.

நாற்பது நிமிடத்தில் லாரி வந்துவிட்டது.
யார் செய்தது, பெயர் என்ன, முகவரி என்ன?
கெமுன்டோ எண்ணைச் சொன்னாள்.
"அது எங்கள் தூணம்மா" என்றார் அதிகாரி,
நனைந்த பஞ்சைப் பையில் போட்டுக்கொண்டே.

மிச்சப் பாதியில்
முட்டிசோ தூங்கிக்கொண்டிருந்தான்.