காரணம் என்ற கட்டம்

ஹைமாவுக்குத் தெற்கே எழுபதாவது கிலோமீட்டர்.
வளைவு கிடையாது. மேடு கிடையாது.
ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ரோடு.
நின்றிருந்த டிரெய்லரில் எப்படி மோதுவான் ஒருத்தன் என்று
போலீஸ்காரர் உருதுவில் கேட்டார்,
என்னிடம் அல்ல, காற்றிடம்.

படிவத்தில் காரணத்துக்கு ஒரே கட்டம்.
வேகம், தூக்கம், போன், இடைவெளி விடாமை.
ஏதாவது ஒன்றில் டிக் விழ வேண்டும்.
நான்குக்கும் தலைப்பு ஒன்றுதான்: ஓட்டுநர் தவறு.

பீர்க்கண்ணு துக்குமுக்கு வந்து சேர்ந்தது மதியம்,
சொஹாரிலிருந்து, ராத்திரி முழுக்க ஓட்டி.
ஐஸ் வந்து மீன் ஏற்றி முடிய ஒன்றரை மணி.
பின் டயர் இரண்டும் ரீட்ரெட்.
ஏசி செத்து ஒரு மாதம்.
லாக் புக்கில் இருக்கிறது, என் கையெழுத்துதான்:
"அடுத்த ட்ரிப்புக்குப் பார்க்கலாம்."

டிரெய்லரில் பின்விளக்கு எரியவில்லை.

ஐஸ் உருகினால் லோடு திரும்பும்,
லோடு திரும்பினால் சம்பளத்தில் பிடிப்போம்.
பிடிப்பார்கள் என்று எழுதித்தான் அடித்தேன்.

மீன் பெட்டிகள் ரோடெங்கும்.
ஒரு நெய்மீன் மட்டும் நசுங்காமல்
வெள்ளைக் கோட்டின் மேலேயே நேராகக் கிடந்தது.

போன் கிடைத்தது. கண்ணாடிகூட உடையவில்லை.
கடைசி அழைப்பு நான்கு பன்னிரண்டு,
நாற்பத்தேழு விநாடி.
எடுத்தவன் பேர் படிவத்தில் ஏறிவிட்டது.
அழைத்த நம்பரை யாரும் படிக்கவில்லை.

"எங்கடா இருக்கே?"
"இந்தா, வந்துட்டே இருக்கேண்ணே."

போலீஸ்காரர் பேனாவை நீட்டினார்.
கம்பெனி சாட்சி இங்கே.
போன் என்பதில் டிக் விழுந்திருந்தது.

சரிதான் அது.
போட்டேன்.