பாதியில் பாதி

இன்றைக்குக் கடல் வற்றும் நேரம் ஒன்பது இருபது.
அட்டவணையில் அப்படித்தான் இருக்கிறது.
கடல் அதைப் படித்ததில்லை, என்றாலும்
பெரும்பாலும் சரியாகவே வருகிறது.

மினா வண்டியை மணலில் இறக்குகிறாள்.
முழுப்பெயர் வில்லியமினா;
வில்லியம் பிறப்பான் என்று காத்திருந்த அப்பன் வைத்தது.
நான் நடப்பவள். பாறைகளுக்கிடையே
வண்டி நுழையாத சந்துகள் என் பங்கு.
தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கருவி,
வினாடிக்கு ஓர் அடி.
அதைவிட வேகமாகப் போனால் அதற்குக் கேட்காது.

ஸ்காட்லாந்து முடிகிற இடம் இது.
எதிரே, வானம் தெளிந்தால், ஆர்க்னி.
தெளிவதில்லை.

காதுக்குள் ஓயாமல் பொரி வெடிக்கும் சத்தம்.
அது இந்தப் பாறைகளின் சொந்தப் பேச்சு.
ஆலை வருவதற்கு முன்பும் பேசின,
யாரும் காதுகொடுக்கவில்லை.
அதைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கேட்க வேண்டும்.
பத்தொன்பது வருஷமாக என் வேலை
கழித்தல்.

ஆலை குன்றுக்கு அந்தப் பக்கம்.
இப்போது பிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.
கட்டிய நாட்களைவிடப் பிரிக்கும் நாட்கள் அதிகம்.
ஊரில் பாதி வீடு அந்தச் சம்பளத்தில் எழுந்தது,
என் சமையலறையும்.
எப்போதோ ஒரு குழாய் வழியே
உலோகத் துகள்கள் கடலுக்குப் போயின.
யார் கை என்று தெரியாது.
தெரிந்தவர்கள் தேவாலயத்துக்குப் பின்னால்
கடலைப் பார்த்துப் படுத்திருக்கிறார்கள்.

நாயோடு வரும் மக்னஸ் பட்ஜ் தினமும் கேட்பார்,
தூண்டில்காரனைக் கேட்பதுபோல:
"ஏதாவது மாட்டிச்சா?"

பத்து பத்துக்கு மாட்டியது.
ஒரு பையன் கட்டிய மணல்கோட்டைக்கு
இரண்டடி தள்ளி.
பொரிச்சத்தம் சட்டென்று நெருங்கி
ஒரே கீச்சாக ஆனது.
கொடி நட்டேன். மினா மண்வெட்டியோடு வந்தாள்.
பையனின் அம்மா பட்டத்தின் நூலைச் சுற்றியபடி,
எதுவும் கேட்காமல்,
அவன் செருப்பைத் தேடத் தொடங்கினாள்.

இனிச் செய்வது குழந்தைக் கணக்கு.
ஒரு வாளி மணல் அள்ளு. கருவியில் காட்டு.
கத்துகிறதா? இரண்டாகப் பிரி.
கத்தாத பாதியைக் கொட்டு.
கத்தும் பாதியில் பாதி.
அதில் பாதி.
வாளி சட்டியாகி, சட்டி கிண்ணமாகி,
கிண்ணம் தேக்கரண்டியாகி
கடைசியில் காகிதத்தின் மேல்
பதினொரு மணல்.
அதில் பத்து வெறும் மணல்.

"எது?" என்றான் பையன்.
எட்டி நிற்கச் சொல்லிக் காகிதத்தைச் சாய்த்தேன்.
"ஒண்ணுமே தெரியலையே."
"அதுதான்" என்றாள் மினா.

கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பார்கள்.
இதன் காரம் போகும்.
முப்பது வருஷத்தில் பாதி.
அடுத்த முப்பதில் மிச்சத்தில் பாதி.
காலையில் நாங்கள் செய்ததையே
அதுவும் செய்துகொண்டிருக்கிறது,
கொஞ்சம் நிதானமாக.

குப்பிக்குள் அதை, ஈயப் பானைக்குள் குப்பியை.
தூக்கினால் தோள் இறங்குகிறது.
எடை முழுக்கப் பானையுடையது.

படிவத்தில் இடம், ஆழம், நேரம்.
நிறம் என்றும் ஒரு கட்டம் உண்டு.
"மணல்" என்று எழுதினேன்.

கோட்டையை யாரும் இடிக்கச் சொல்லவில்லை.
அதன் மேலும் கருவியைப் பிடித்தேன்,
அகழியிலும், சிப்பி பதித்த வாசலிலும்.
காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி
அம்மாவிடம் கொடுத்தேன்.
வெகுநேரம் கேட்டாள்.
"இதுதான் ஒண்ணுமில்லாததா?"
"ஆமாம், இதுதான்."
இன்னும் கொஞ்சம் கேட்டுவிட்டுத் திருப்பித் தந்தாள்.
செருப்பு இரண்டும் கையிலேயே இருந்தன.

மக்னஸ் திரும்பி வந்தார்.
"மாட்டிச்சா?"
"ஒண்ணு."
"நல்லது" என்றார்.
கிடைத்தது நல்லதா, ஒன்றோடு நின்றது நல்லதா,
நான் கேட்கவில்லை.
அவருடைய நாய் நாங்கள் தோண்டிய குழியை
மோந்து பார்த்தது.
பிறகு இன்னும் ஆழமாகத்
தோண்ட ஆரம்பித்தது.