சுழியத்துக்குக் கீழே

இருநூற்றுப் பன்னிரண்டு என்றது மீட்டர்.
செருப்பைக்கூடக் கழற்றியிருக்கவில்லை நான்.

காலையில் ரெண்டு இட்லி. மத்தியானம் களி, கீரைக் கடைசல்.
டீயில் சர்க்கரையை விட்டு ஒன்பது மாதம்.
அடுத்த விரலில் குத்தினேன்.
நூற்று எழுபத்தொன்று.
ஒரே உடம்பு, ஒரே நிமிஷம்,
இடையில் நாற்பத்தொன்று.
தக்காளியை இப்படி நிறுத்தால்
காவேரிப்பட்டணம் சந்தையில் தராசைப் பிடுங்கி எறிவார்கள்.

அப்போதுதான் விரலை மோந்து பார்த்தேன்.
மாம்பழம்.

ஜூன் முழுக்க என் நகக்கண்ணில் அதுதான்.
பெங்களூராக் கூழ், பீப்பாய் பீப்பாயாக.
ஃபேக்டரி லேப்பில் பிரிக்ஸ் பார்ப்பவள் நான்.
பட்டகத்தில் ஒரு சொட்டுச் சாறு,
மூடியைச் சாத்தி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால்
மேலே நீலம், கீழே வெள்ளை,
ரெண்டும் முட்டிக்கொள்கிற இடத்தில்
பழத்தின் இனிப்பு எத்தனை என்று தெரியும்.
பதினாலு வேண்டும்.
குறைந்தால் டன்னுக்கு இவ்வளவு என்று பிடித்தம்.
அதை எழுதுகிற பேனா என்னுடையது.

சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து,
மூன்றாவது விரல்.
நூற்று நாற்பத்தெட்டு.

பெட்டிக்குள் மடித்துக் கிடந்த தாளை
வாங்கி ரெண்டு வருஷம் கழித்து விரித்தேன்.
எறும்பு எழுத்து.
நூறுக்கு மேலே போனால் பதினைந்து சதவீதம்
கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம்,
நூறு தடவையில் தொண்ணூற்றைந்து தடவை.
மீதி ஐந்து தடவை என்ன காட்டும் என்று
தாளில் இல்லை.
ஸ்ட்ரிப் டப்பாவைச் சூட்டில் வைக்காதே என்றிருந்தது.
அடுப்படி ஜன்னலில்தான் இருந்தது அது,
மூடி சரியாக அழுந்தாமல்.
மீட்டரையே சோதிக்க ஒரு குட்டிக் குப்பிக் கரைசல்.
சீல் உடைக்கவே இல்லை.
தேதி போன தீபாவளியோடு முடிந்துவிட்டது.

புதன்கிழமை வெறும் வயிற்றோடு
கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரிக்குப் போனேன்.
ஷமீம் நரம்பில் எடுத்த கையோடு நான் விரலில் எடுத்தேன்.
லேப் சொன்னது நூற்று முப்பத்தொன்று.
என்னுடையது நூற்று நாற்பத்தாறு.
"பரவால்லக்கா, எல்லைக்குள்ளதான் இருக்கு" என்றாள்.

எல்லைக்குள்ளதான்.
பஸ் நெடுக அதையே மென்றுகொண்டு வந்தேன்.
என் ரத்தத்துக்குப் பதினைந்து சதவீதம் மன்னிப்பு உண்டு.
சந்தூர் முனிவெங்கடப்பனுக்கு?
போன வெள்ளி அவர் லோடு பதிமூன்று புள்ளி ஆறு.
"நாக்குல வச்சுப் பாருங்கம்மா" என்று
ஒரு கீற்றை அறுத்து நீட்டினார்.
"எனக்கு சுகர்" என்று சொல்லிவிட்டு
எழுதினேன்.

அன்றைக்குத் தகரக் கூரைக்கடியில் முப்பத்தெட்டு டிகிரி.
காலையில் கருவிக்குச் சுழியம் வைத்தேனா?
ரெஜிஸ்டரில் "சரி" என்று இருக்கிறது, என் கையெழுத்தில்.
எல்லாக் காலையிலும் அதே "சரி",
ஒரே பக்கமாகச் சாய்ந்து.

வியாழன், ஷிஃப்டுக்கு ஒரு மணி முன்னால் போனேன்.
வாட்ச்மேன் என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.
பட்டகத்தைத் துடைத்து
காய்ச்சி வடித்த நீர் ஒரு சொட்டு விட்டேன்.
தண்ணீரில் இனிப்பு இல்லை.
பொய் சொல்ல அதற்குக் காரணமும் இல்லை.
கோடு சுழியத்தில் நிற்கவில்லை.
கீழே நின்றது. மயிரிழைதான்.
அரைப் புள்ளி இருக்கும்.

பதிமூன்று புள்ளி ஆறோடு அரையைக் கூட்ட
எனக்குக் கால்குலேட்டர் வேண்டாம்.

திருகாணியைக் கால் சுற்றுத் திருப்பினால்
இனி வரும் லோடுகளுக்கு எல்லாம் சரியாகிவிடும்.
போன வெள்ளி அது எங்கே நின்றது என்பதை மட்டும்
அப்புறம் யாராலும் காட்ட முடியாது.

திருப்பவில்லை.
ரெஜிஸ்டரில் "சரி" எழுதும் கட்டத்தில்
முதல் தடவையாக ஓர் எண்ணை எழுதினேன்,
கழித்தல் குறி போட்டு.
பேனா அழுந்தியதில்
குத்திய விரல் வலித்தது.
எடைமேடையில் முதல் லாரி
ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறது.