அரைப்பேர்

ஹட்டனில், பார்மசிக்கு மேலே, வாடகை அறை.
கரண்ட் போய் வந்ததில் ரௌட்டர் இன்னும் சிவப்பில் முழிக்கிறது.
வந்திருக்கும் வேலை சின்னது:
கொழுந்து நிறுக்கும் மென்பொருளில்
எழுத்துப்பிழை மட்டும் பார்,
தர்க்கத்தில் கை வைக்காதே.

முதல் கோப்பிலேயே கொளுந்து.
அடுத்ததில் கொலுந்து.
மூன்றாவதில் சரியாக இருந்த கொழுந்தை
யாரோ அக்கறையாய்க் கொளுந்தாக்கியிருக்கிறார்கள்,
தேதியும் நேரமும் பதிவாகியிருக்கிறது.
ழகரத்தைப் போட்டுக்கொண்டே போகிறேன்.
கீழே பஸ் ஸ்டாண்டில் ஆள் கூப்பிடுகிறவன்
பொகவந்தலா பொகவந்தலா என்று
கடைசி எழுத்தைத் தின்றுவிடுகிறான்.
பஸ் சரியாகத்தான் போய்ச் சேர்கிறது.

எழுதியவர் கிருபாகரன். இப்போது கட்டாரில்.
அவருக்கு ரகர றகரத்தோடு தகராறு என்று
பத்தாவது வரியிலேயே முடிவுகட்டியிருந்தேன்.
ஒவ்வொரு நிரையாகக் கூட்டு, என்கிறது ஒரு குறிப்பு.
நிறை என்று மாற்றப் போனேன்.
அட்டவணையின் வரிசை நிரை.
மலையில் ஒருத்திக்குப் பிரித்துவிடும் தேயிலை வரிசையும் நிரை.
தராசில் ஏறுவதுதான் நிறை.
கீழே உள்ள நிரலைப் படித்தால், அவர் சொன்னதே சரி.
எடுத்த கையை வைத்துவிட்டேன்.
மன்னிப்புக் கேட்க அவர் நம்பர் என்னிடமில்லை.

மாறிகள் எல்லாம் ஆங்கிலம்.
வெயிட் என்ற சொல்லில் இரண்டெழுத்து இடம் மாறி
முன்னூற்றுப் பன்னிரண்டு தடவை.
ஒரே தட்டில் மாற்றினேன். ஓட்டினேன். விழுந்தது.
மஸ்கெலியாப் பக்கம் எங்கோ ஒரு தராசு
அந்தப் பிழையான பேரைச் சொல்லித்தான் எடை அனுப்புகிறது.
திரும்பப் போட்டேன், பிழையை,
பிழையில்லாமல்.

ஆள் இலக்கம் நானூற்றுப் பதினேழு: மறுதாயி.
மருதாயியாகத்தான் இருக்கவேண்டும்.
பதிந்தவருக்கு அவள் இன்னொரு தாய்.
விசையில் விரல் வைத்தவள் எடுத்துவிட்டேன்.
இருபது வருட சேமலாப நிதி
இந்த மறுதாயிக்குத்தான் சேர்ந்திருக்கும்.
நான் திருத்திய மருதாயி போய்க் கேட்டால்
நீ யார் என்பார்கள்.

மூன்று மணிக்கு, கொழும்பிலிருந்து டிலக்ஷன்
ஒரு வரியைச் சிவப்பாக்கி அனுப்பினான்.
இதை விட்டுவிட்டீர்களே அக்கா,
அரைப்பேர் என்று இருக்கிறது,
பேர் எப்படிப் பாதியாகும்?

வரி இதுதான்:
பதினெட்டுக்குக் கீழே என்றால் அரைப்பேர்.

ஆகும் டிலக்ஷன்.
பதினேழரைக் கிலோவில் ஆகும்.
இங்கே பேர் என்றால் ஒரு நாள்,
ஒரு நாளுக்கான காசு.
மடுவத்திலிருந்து வருகிறவளிடம்
சாப்பிட்டாயா என்பதற்கு முன்னால் கேட்பது
முழுப்பேர் விழுந்ததா என்று.
அது எழுத்துப்பிழை இல்லை.
எழுதி அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்று வந்தது.

அப்போதுதான் அதற்கு மேல் வரியைப் பார்த்தேன்.
ஈரத்துக்கும் பைக்கும் இரண்டு கிலோ கழிக்கவும்.
ழகரம் இருக்கவேண்டிய இடத்தில் ழகரம்.
ஒற்று மிகக்கூடாத இடத்தில் மிகவில்லை.
முற்றுப்புள்ளிகூட உண்டு.
கோப்பு முழுவதிலும் பிழையே இல்லாத வரி.

மாசி மாதத்தில், வெடித்த வெயிலில்?
கீழே தேடினேன்.
கழிக்கும்.
பத்தொன்பதரை பறித்தவள் பதினேழரை,
அதற்கு அடுத்த வரியில் அரைப்பேர்.

அந்த இரண்டுக்குப் பக்கத்தில் கேர்சர் துடித்துக்கொண்டு நின்றது,
நான் டீ போட்டுக்கொண்டு வந்தபோதும்
அங்கேயே நின்றது.

தர்க்கத்தில் கை வைக்கவில்லை.
நாற்பத்தொரு எழுத்துப்பிழைகள் திருத்தப்பட்டன என்று எழுதி
அதன் கீழே ஒரு வரி சேர்த்தேன்:
இந்த இரண்டு கிலோ யார் பேரில் விழுகிறது?

அனுப்புமுன் ஒருமுறை
ரகர றகரம் பார்த்துக்கொண்டேன்.