மஞ்சள் 38

கட்டானிங்கில் ஜனவரி.
அறுத்த கோதுமையின் அடித்தாள் மட்டும் அடிவானம் வரை,
வெயில் தின்றது போக மிச்சம்.
பச்சையைக் கடைசியாகப் பார்த்தது அக்டோபரில்.
ஆட்டின் ஈரல் மட்டும் அதில் கொஞ்சம் பதுக்கி வைத்திருக்கும்,
அஞ்சறைப்பெட்டிக்குள் ஒளித்த காசு மாதிரி.
அதுவும் கரைகிறது.

மூன்று பட்டி. நீலம், வெள்ளை, மஞ்சள் காதுவில்லை.
ஒன்றுக்கு வைக்கோலும் வெறும் லூபின் பருப்பும்.
ஒன்றுக்கு அதன்மேல் வைட்டமின் ஈ
(பறக்கிற ஈ இங்கே இலவசம், மூக்குக்குள்ளும்).
ஒன்றுக்கு ஈயோடு செலினியமும்,
ஒரு டன் தீவனத்துக்கு ஒரு சிட்டிகை.
எந்த நிறத்துக்கு எது என்பது
கிளெனிஸ் அட்வெல்லின் பூட்டிய இழுப்பறைக்குத்தான் தெரியும்.

செலினியம் என்றால் நிலா என்று எங்கோ படித்தேன்.
கூடினால் நஞ்சு.
குறைந்தால் தொடைச்சதை வெளிறும், வெந்த மீன்போல.
இத்தனை கறாரான நிலாவைக்
கதவைச் சாத்திக்கொண்டு நிறுப்பாள் கிளெனிஸ்.

என் வேலை பின்பக்கம்.
வாலுக்குக் கீழே கட்டிய பையைக் காலை ஆறுக்கு அவிழ்த்து
புழுக்கையை நிறுத்து, பத்தில் ஒரு பங்கை உலர்த்துவேன்.
உள்ளே போனதில் வெளியே வந்ததைக் கழித்தால்
மிஞ்சுவதற்குப் பெயர் செரிமானம்.
வியாழன்தோறும் தொண்டையில் குழாய் இறக்கி
முதல் இரைப்பையின் சாறெடுப்பேன்.
போத்தலில் அது சுடும், புளித்த மாவாய் மணக்கும்.
கண்ணுக்குத் தெரியாத ஒரு சந்தை
உள்ளே இன்னும் இரைந்துகொண்டிருக்கும்.

மஞ்சள் 38 தொட்டிக்கு முந்துவதில்லை.
மற்றவை தோளால் இடித்து முகம் புதைக்கையில்
வேலியோரம் நின்று காற்றை மெல்லும்.
எல்லாம் விலகியபின் வந்து தகரத்தை நக்கும்.
தொட்டியில் கொட்டியதைத் தலைக்கு இவ்வளவு என்று
பங்கிட்டுத்தான் எழுதுவோம்.
அதன் பையிலோ புழுக்கை குறைவு.
ஆகவே ஏட்டுக்கணக்கில்
பட்டியிலேயே நன்றாகச் செரிக்கிற ஆடு அதுதான்.
கூச்சத்துக்குக் கட்டம் இல்லை.

ஐம்பத்து மூன்றாம் நாள். நாற்பத்து மூன்று டிகிரி.
எடைமேடைக்கு ஓட்டினோம்.
38 நாலடி நடந்தது, மரக்கால் கட்டினாற்போல்.
அப்புறம் பின்கால்களுக்கு நடை மறந்துவிட்டது.
கண் தெளிவாகத்தான் இருந்தது, அதுதான் கஷ்டம்.
விழுந்ததை ஆய்விலிருந்து நீக்கு, மருந்து கொடு
என்கிறது விதி.
ஊசி போட்டேன். வண்டி நிழலில் கிடத்தினேன்.
"அப்போ மஞ்சளுக்குத்தான் வெறும் லூபின்" என்றேன்.
கிளெனிஸ் தொப்பியால் ஈ ஓட்டினாள்.

மார்ச்சில் இழுப்பறை திறந்தது.
வெறும் லூபின் நீலத்துக்கு.
மஞ்சளுக்கு எல்லாமும், நிலா உட்பட.
செரிமானத்தில் மூன்றுக்கும் வித்தியாசம் இல்லை.
தசை நைந்தால் இரத்தத்தில் கசியும் நொதி மட்டும்
மஞ்சளில் பாதிக்கும் கீழே.
அழகான கோடு. இரண்டு முறை அச்செடுத்தாள்.
அதனடியில் எறும்பெழுத்தில்:
ஒரு விலங்கு நீக்கப்பட்டது.

நீக்கப்பட்ட விலங்கு பிழைத்துக்கொண்டது.
கொட்டகைக்குப் பின்னால் தனித்தட்டு அதற்கு.
கையில் வைத்து நீட்டினால் வராது.
தட்டை வைத்துவிட்டு
எனக்கு வேறு வேலை இருப்பதுபோல் திரும்பி நிற்க வேண்டும்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு முதுகுக்குப் பின்னால்
பருப்பு நொறுங்குகிற சத்தம்.
எதிலும் எழுதாமல்
எண்ணிக்கொள்கிறேன்.